மலை வீட்டுத் தளம்: கூடுதலாகப் போன 20 ஆயிரம் ரூபாய் எங்கே போனது?

கோத்தகிரிப் பக்கத்து விவசாயி ஒருவரின் வீட்டு அலமாரியில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று அவருடையது. இன்னொன்று மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மச்சானுடையது. இரண்டிலும் ஒரே அளவு வேலையின் கணக்குதான் இருக்கிறது: 300 சதுர அடி, 5 அங்குல கனத்தில் கான்கிரீட் மேல்தளம். மச்சானின் நோட்டில் கடைசி வரி 64,830 ரூபாய். இவருடைய நோட்டில் 84,490 ரூபாய்.

80 சென்ட் தேயிலை, அதற்குக் கீழே ஓடையோரம் 40 சென்டில் கேரட்டும் பூண்டும். அதுதான் குடும்பத்தின் வருமானம். பழைய ஓட்டு வீட்டில் இரண்டு அறைகளின் கூரை மழைக்குத் தாங்கவில்லை. ஓட்டைப் பிரித்துத் தளம் போட முடிவானதும், மச்சான் வீட்டுச் செலவை அப்படியே நம்பி, 65 ஆயிரம் ரூபாய்க்கு நகைக்கடன் வாங்கினார்கள். ஓட்டைப் பிரித்து, கம்பி கட்டி முடிந்த நிலையில் பணம் தீர்ந்தது. வானம் பார்த்த வீட்டை அப்படியே விட முடியாது. மீதி 20 ஆயிரத்தைத் தேயிலை எடுக்கும் ஏஜென்டிடம் முன்பணமாக வாங்கினார்கள். அந்தக் கணக்குத் தீரும்வரை பச்சைத் தேயிலையை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து ஏஜென்ட் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்தாலும் போக முடியாது.

"கொஞ்சம் கூட ஆகும்னு தெரியும். ஆனா எதுல கூட ஆகும்னு தெரியல" என்கிறார் அந்த விவசாயி. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டு நோட்டு, ஒரே தளம்

முதலில் அளவு. 300 சதுர அடிக்கு 5 அங்குல கனம் என்றால் 125 கன அடி கான்கிரீட். ஏறக்குறைய மூன்றரை கன மீட்டர். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற வழக்கமான தளக் கலவைக்கு, கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். சேதாரமும் சேர்த்து 29 மூட்டை சிமென்ட், 56 கன அடி எம்.சாண்ட், 110 கன அடி முக்கால் அங்குல ஜல்லி, 300 கிலோ கம்பி. இந்த அளவு மலையிலும் ஒன்றுதான், சமவெளியிலும் ஒன்றுதான். விலைதான் வேறு. அதுவும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வேறு அல்ல.

சிமென்ட் 29 மூட்டை: கீழே 11,020 ரூபாய், மேலே 11,890.
எம்.சாண்ட்: கீழே 3,360, மேலே 5,600.
ஜல்லி: கீழே 4,950, மேலே 9,350.
கம்பி 300 கிலோ: கீழே 19,500, மேலே 20,400.
ரோட்டிலிருந்து வீட்டுக்குச் சுமை கூலி: கீழே இல்லை, மேலே 7,050.
சென்ட்ரிங்: கீழே 12,000, மேலே 14,100.
கம்பி கட்டும் கூலி: கீழே 3,000, மேலே 3,600.
தளம் போட்ட அன்றைய ஆள் கூலி: கீழே 8,000, மேலே 9,000.
மிக்சர், வைப்ரேட்டர் வாடகை: கீழே 3,000, மேலே 3,500.

இது இந்த இரண்டு குடும்பங்கள் கொடுத்த விலை. உங்கள் ஊரில் வேறாக இருக்கும், அடுத்த மாதமே கூட மாறும். அளவை வைத்துக்கொண்டு விலையை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

சதுர அடிக்குக் கீழே 216 ரூபாய், மேலே 282 ரூபாய். வித்தியாசம் 19,660. அதில் சிமென்டுக்கும் கம்பிக்கும் சேர்த்தே 1,770 ரூபாய்தான். மணலும் ஜல்லியும் 6,640. தலைச்சுமை 7,050. அதாவது கூடுதலாகப் போன 20 ஆயிரத்தில் பத்தில் ஏழு பங்கு, கல்லையும் மணலையும் மலையேற்றி வீட்டு வாசல் வரை கொண்டுவந்ததற்குப் போயிருக்கிறது.

காரணம் எளிது. சிமென்டும் கம்பியும் விலை கூடிய சரக்கு. ஒரு டன்னுக்கு ஆகும் லாரி வாடகை அவற்றின் விலையில் சிறு துளிதான். ஜல்லி விலை குறைந்த சரக்கு, ஆனால் எடை அதிகம். கோவைப் பக்கத்துக் கிரஷரிலிருந்து மேட்டுப்பாளையம் வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் கியர் மாற்றி மாற்றி ஏறி வரும்போது, கல்லின் விலைக்குச் சமமாக வண்டி வாடகையும் சேர்ந்துவிடுகிறது. இந்தச் சிறிய தளத்துக்கே மணலும் ஜல்லியும் மட்டும் 7 டன்னைத் தாண்டும்.

235 நடை

லாரி ரோட்டோடு நின்றுவிடும். வீடு கீழே தேயிலைச் சரிவில் இருக்கும். நடுவில் ஒத்தையடிப் பாதையும் படிக்கட்டும். சமவெளிக்காரர்கள் கணக்கில் விட்டுவிடுகிற இடம் இதுதான், மேஸ்திரியும் பெரும்பாலும் வாய் திறக்காத இடமும் இதுதான்.

35 கிலோ பிடிக்கிற சாக்கில் மணலையும் ஜல்லியையும் கட்டினால் 206 சாக்கு. சிமென்ட் 29 மூட்டை. மொத்தம் 235 நடை. நடைக்கு 30 ரூபாய் என்று பேசினார்கள். தூரமும் ஏற்றமும் கூடக் கூட இந்த 30 என்பது 40, 50 என்று போகும். வீடு கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். தோட்டத்தின் கீழ்க்கோடியில் தண்ணீர் பக்கமாக இருக்கிறதென்று அங்கே கட்டினால், அந்த வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு கல்லுக்கும், பின்னால் வரும் ஒவ்வொரு பழுது வேலைக்கும், இந்தக் கூலியைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வீடு ரோட்டுக்குக் கீழே இருந்தால், ரோட்டிலேயே கலந்து, தகரத்தைத் தொட்டி மாதிரி மடித்துச் சாய்வாக வைத்து, கலவையைச் சறுக்கி விடுகிறார்கள். கூலி மிச்சம்தான். ஆனால் சறுக்கும்போது கனமான ஜல்லி முன்னால் ஓடிவிடும், சிமென்ட் பால் பின்தங்கும். அப்படியே தளத்தில் கொட்டினால் ஓரிடம் வெறும் ஜல்லியாகவும் இன்னோரிடம் வெறும் சாந்தாகவும் நிற்கும். கீழே ஒரு தகட்டில் இறக்கி, மண்வெட்டியால் இரண்டு புரட்டுப் புரட்டி, அதன் பிறகே பாண்டில் அள்ள வேண்டும். அதற்கு இரண்டு ஆள் கூடுதல். அப்படியும் தலைச்சுமையை விட மலிவுதான்.

இன்னொரு வழி, சேர்ந்து வாங்குவது. வண்டிக்காரர் கேட்பது நடைக் கூலி. அரை வண்டிக்கும் முழு வண்டிக்கும் மலையேற்றம் ஒன்றுதான். இந்த விவசாயிக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் கொஞ்சம்தான் தேவைப்பட்டது. அதே மாதத்தில் மேல் வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகைக்குத் தரை போட்டார். இருவரும் தனித்தனியாக வண்டி பேசினார்கள். "முன்னாடியே பேசியிருந்தா ஒரே லோடுல முடிஞ்சிருக்கும்" என்று இப்போது சொல்கிறார்கள்.

மூட்டையைக் குறைத்தால் என்ன?

பணம் குறைந்தபோது மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். "அண்ணா, 24 மூட்டையில முடிச்சுத் தர்றேன். யாருக்கும் தெரியாது."

5 மூட்டை குறைத்தால் மிச்சம் 2,050 ரூபாய். 84 ஆயிரம் ரூபாய்ச் செலவில் இது நாற்பதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் தளத்தின் பலம் முழுக்க அந்த மூட்டையில்தான் இருக்கிறது. கடன் வாங்கி, 7 டன் கல்லைச் சுமந்து கொண்டுவந்து கொட்டிய பிறகு, அதை ஒட்டவைக்கும் பசையைக் குறைப்பதில் என்ன லாபம்? மலையில் பொருள் வந்து சேரும் செலவு கூடக் கூட, சிமென்டைக் குறைப்பதன் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது. சமவெளியில் செய்தாலும் தப்புதான். மலையில் அது கணக்குக்கும் ஒத்துவராத தப்பு.

அந்த வீட்டு அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேண்டாம் தம்பி, 29-ஏ போடுங்க."

பலத்தைக் குறைக்கிற இன்னொரு பொருளுக்குக் காசே கிடையாது. அது தண்ணீர். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு இந்தக் கலவையில் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 456. அதாவது 15 லிட்டர் வாளியில் இரண்டு வாளி. எம்.சாண்ட் சொரசொரப்பாக இருப்பதால் கலவை இழுக்க வராது. உடனே இன்னும் அரை வாளி ஊற்றச் சொல்வார்கள். மலையில் இதில் இன்னொரு கண்ணிவெடி இருக்கிறது. பனியிலும் மழையிலும் திறந்து கிடந்த மணல் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்திருக்கும். ஒரு மூட்டை சிமென்டுக்குச் சேர்கிற மணல் சுமார் 80 கிலோ. அதில் நூற்றுக்கு 5 பங்கு ஈரம் இருந்தாலே 4 லிட்டர் தண்ணீர் மணலோடு வந்துவிட்டது. அப்படியானால் வாளியில் ஊற்ற வேண்டியது 26 லிட்டர்தான். மணல் குவியலுக்கு ஒரு தார்ப்பாய் போட்டு வைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. கலவை ஓடாவிட்டால் வைப்ரேட்டர் போட வேண்டும், தண்ணீர் அல்ல.

கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்கும் மேஸ்திரிகள் ஜல்லித் துண்டை வைத்துச் சமாளிப்பதுண்டு. கம்பி தகட்டோடு ஒட்டிக் கிடந்தால், வருடத்தில் பாதி நாள் ஈரத்தில் நிற்கும் மலைக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து, தளத்தின் அடியிலிருந்து சாந்து பெயர்ந்து விழும். 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் 300 சதுர அடிக்கு என்ன விலை வந்துவிடப்போகிறது!

குளிருக்குக் கொடுக்கும் வாடகை

சென்ட்ரிங்கில் கூடுதலாகப் போன 2,100 ரூபாய் ஏழு நாள் வாடகை. இந்தச் செலவில் மிகவும் சண்டை நடந்தது இதற்காகத்தான். ஆனால் முழுக்க முழுக்க நியாயமான செலவும் இதுதான்.

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. குளிர் கூடினால் அந்த வினை மந்தமாகும். 20 டிகிரியில் இருக்கும் வேகம் 10 டிகிரியில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஐ.எஸ். 456-இல் முட்டுப் பிரிக்கும் நாள் கணக்கு இருக்கிறது: சுவருக்குச் சுவர் நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். மேஸ்திரிகள் பலருக்கும் இந்த எண் தெரியும். ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டாக, அதாவது ஓ.பி.சி.யாக இருக்க வேண்டும்.

சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் ஜனவரி இரவு எந்த வீட்டில் 15 டிகிரி இருக்கிறது? கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட். அது நல்ல சிமென்ட்தான், காலப்போக்கில் பலமும் கூடும். ஆனால் முதல் சில வாரங்களில் மெதுவாகத்தான் இறுகும். இரண்டு நிபந்தனையும் பொருந்தாத இடத்தில் 7, 14 என்று நாளை மட்டும் பிடித்துக்கொண்டு முட்டைத் தட்டுவது பெரிய ஆபத்து. 21 நாள் என்பது தர நிர்ணயத்தில் இந்தத் தளத்துக்கென்று எழுதிவைத்த எண் அல்ல. குளிர் மாதத்தில் பி.பி.சி. போட்டால் கவனமான மேஸ்திரிகள் வைத்துக்கொள்ளும் பாதுகாப்புக் கணக்கு அது.

பதினான்காம் நாள் சென்ட்ரிங்காரர் வந்து நின்றார். அடுத்த வேலைக்குத் தகடு தேவை. "கல்லு மாதிரி ஆயிடுச்சு, தட்டிப் பாருங்கண்ணா" என்றார். மேற்பரப்பு கல் மாதிரிதான் இருக்கும். பகல் வெயில் படுகிற இடம் அது. அடியில், முட்டுக்கு நடுவில், எப்படி இருக்கிறது என்று தட்டிப் பார்த்துத் தெரியாது. இதே சரிவில் இரண்டு வீடு தள்ளி, தகடு அவசரத்துக்காகப் பத்தாம் நாளில் பிரித்த தளம் ஒன்று நடுவில் தொய்ந்து நிற்கிறது. மழைத் தண்ணீர் அங்கே குட்டையாகத் தேங்கி, கீழே படுக்கையறையில் சொட்டுகிறது. அதன் மேல் தகரக் கொட்டகை போட்டுச் சமாளிக்கிறார்கள். அந்தத் தகரத்துக்கு ஆன செலவில் எத்தனை வாரம் முட்டு வாடகை கொடுத்திருக்கலாம்!

சதுர அடிக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்று பேசி, ஏழு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள். இதை முதல் நாளே பேசி எழுதியிருந்தால் பதினான்காம் நாள் சண்டை வந்திருக்காது. தளம் போடுவதற்கு முன்பே பேசவேண்டியவை: முட்டு எத்தனை நாள், நாள் கூடினால் என்ன வாடகை, ரோட்டிலிருந்து சுமப்பது யார் பொறுப்பு, எத்தனை மூட்டை, மழை வந்து வேலை நின்றால் அன்றைய கூலி யார் தலையில். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

எந்த மாதம்?

நீலகிரியில் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழை. உதகைக்கு மேற்கே அவலாஞ்சி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் ஆபத்து. அது ஓய்ந்ததும் உறைபனி. மீதி இருப்பது பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே மாதம் வரை. அதிலும் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழைக்குத் தேயிலை துளிர்த்து ஆள் எல்லாம் இலை பறிக்கப் போய்விடும். சுற்றுலாக் கூட்டத்துக்காகப் போக்குவரத்தையும் மாற்றிவிடுவார்கள், லாரி வாடகையும் ஏறும். ஆக, மார்ச் மாதம்தான் தோதான மாதம். இந்த விவசாயி ஜனவரியில் ஆரம்பித்தது கேரட் அறுவடைப் பணம் அப்போது கையில் இருந்ததால்தான். பணம் இருக்கும் மாதமும் தளம் இறுகும் மாதமும் ஒன்றாக வருவதில்லை என்பது விவசாயிக்குப் புதிதல்ல. மணலையும் ஜல்லியையும் பணம் இருக்கும்போது வாங்கிச் சுமந்து வைத்துவிடலாம், கெட்டுப்போகாது. சிமென்டை மட்டும் முன்கூட்டி வாங்கக்கூடாது.

பில்லில் வராத செலவு

தளத்தின் கணக்கு இவ்வளவுதான். ஆனால் மலையில் வீட்டுக்காரர் கொடுக்கும் பெரிய தொகை பல நேரம் தளத்துக்குப் போவதில்லை, வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்ணைத் தாங்கும் சுவருக்குப் போகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செங்குத்தாக வெட்டிய சரிவுக்குக் கீழே இருந்த வீடுகள் பல அதில் போயின.

தடுப்புச் சுவரைச் சாய்ப்பது மண்ணை விடத் தண்ணீர்தான். 6 அடி உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்து நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 1,600 கிலோவுக்கு மேல் தள்ளும். மண்ணின் தள்ளல் அது தவிர. சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகத் தண்ணீர் வடியும் ஓட்டை விட்டு, பின்னால் ஓரடி அகலத்துக்குக் கல்லும் ஜல்லியும் நிரப்பினால் அந்தத் தள்ளல் வடிந்து போய்விடும். நான்கு அங்குலக் குழாய்த் துண்டுகளுக்கும் கொஞ்சம் கல்லுக்கும் ஆகும் செலவுதான். அதை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் கனமாகக் கட்டுகிறவர்களே அதிகம். 6 அடிக்கு மேல் உயரம் போனால் மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது. ஒரு பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்.

மண் வெட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின், அதாவது ஹாகாவின், பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நீலகிரியில் அனுமதியின்றி ஜே.சி.பி. இறக்கினால் வண்டியையே பறிமுதல் செய்யும் நிலை வரலாம். கையால் வெட்டினால் கூலி பல மடங்கு. எப்படிப் பார்த்தாலும் குறைவாக வெட்டுகிற வரைபடம்தான் மலிவான வரைபடம். சரிவை வெட்டி ஒரே மட்டமாக்காமல், இரண்டு படியாக வீட்டை இறக்கிக் கட்டுவது பழைய ஹட்டிகளில் பார்க்கக்கூடியதுதான்.

கோத்தகிரி விவசாயியின் வீட்டுக்குப் பின்னால் ஐந்தடி உயரத்தில் பழைய கல் கட்டு இருக்கிறது. அடுத்த வேலை அதுதான். ஏஜென்டின் முன்பணம் தீர்ந்த பிறகு.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊரில் நாள் முழுக்க மஞ்சு மூடியிருக்கும். தளத்துக்குத் தண்ணீர் கட்டத்தான் வேண்டுமா?
மஞ்சு மூடிய நாளில் தளம் காயாது, உண்மைதான். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் பகல் வெயிலும் காற்றும் மிகவும் வறண்டவை. மேற்பரப்பு இரண்டு மணி நேரத்தில் வெளுத்துவிடும். பி.பி.சி. சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடத்தில் சாக்கை நனைத்துப் போட்டு மேலே பாலித்தீன் தாள் மூடினால் போதும்.

கேள்வி: உதகை பக்கம் பள்ளத்தாக்கில் வீடு. உறைபனிக் காலத்திலேயே தளம் போட்டாக வேண்டிய கட்டாயம். என்ன செய்யலாம்?
முடிந்தவரை தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால் ஓ.பி.சி. சிமென்ட் வாங்குங்கள். காலையில் பனி முழுக்க உருகி, ஜல்லியில் வெயில் பட்ட பிறகு ஆரம்பித்து, மதியத்துக்குள் முடியுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் கலக்கலாம். தண்ணீர் உறைந்தால் அளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெருக்கும். இறுகாத கான்கிரீட்டுக்குள் அது நடந்தால் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும், திரும்பச் சரியாகாது. எனவே முதல் மூன்று இரவு முக்கியம். பாலித்தீன் தாள், அதன் மேல் ஓரடி கனத்தில் வைக்கோல் அல்லது காய்ந்த புல், அதன் மேல் தார்ப்பாய். அந்த மூன்று நாளும் மேலே தண்ணீர் கட்ட வேண்டாம், மூடாக்குக்குள் இருக்கும் ஈரமே போதும். பனி பிடிக்காது என்று உப்பு கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள், கம்பி துருப்பிடித்துவிடும்.

கேள்வி: போன வருடம் வாங்கிய சிமென்ட் 6 மூட்டை இருக்கிறது. தளத்துக்குப் போடலாமா?
வேண்டாம். மலை ஈரத்தில் மூன்று மாதத்திலேயே பலம் குறைய ஆரம்பித்துவிடும். கையால் பிசைந்தால் உடையும் கட்டியாக இருந்தால் சலித்து, நடைபாதைக்கோ வேலிக் கல் ஊன்றவோ பயன்படுத்தலாம். கல்லாகிவிட்டதை எதற்கும் பயன்படுத்த முடியாது. இனி வாங்கும்போது வேலைக்கு முந்தின வாரம் வாங்கி, பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்கி, மேலே பாலித்தீன் தாள் போட்டு மூடி வையுங்கள்.

கேள்வி: மாட்டுக் கொட்டகைத் தரைக்கு எத்தனை அங்குலம் போடலாம்? வெடிப்பு வராமல் இருக்க வழி?
அடியில் கல் பரப்பி நன்றாகத் திமிசு போட்டால் 4 அங்குலம் போதும். அடி மண் உறுதியாக இல்லாமல் 6 அங்குலம் போட்டாலும் வெடிக்கும். பத்தடிக்கு ஒரு இடைவெளிக் கோடு விடுங்கள். வெடிப்பு வந்தாலும் அந்தக் கோட்டிலேயே வந்து நின்றுவிடும். மூத்திரம் வடிய ஐந்தடிக்கு ஓரங்குலம் சரிவு. மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்காமல், ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் மாடு வழுக்காது.